பாட்டு யாருடையது, அதை எதில் கேட்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளையராஜா யாருக்கேனும் வழக்கறிஞர் அறிவிக்கை அனுப்பினார் என்ற செய்தி வரும்போதெல்லாம் இரண்டு வகைக் கேள்விகள் என்னிடம் வந்து சேர்கின்றன. பாட்டின் உரிமை உண்மையில் யாருக்கு என்பது ஒன்று. அதே பாட்டை நன்றாகக் கேட்க எந்த ஹெட்ஃபோன் வாங்கலாம் என்பது மற்றொன்று. இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் பாட்டு என்பது ஒற்றைப் பொருளன்று, பலருடைய உழைப்பு அடுக்கடுக்காகச் சேர்ந்தது என்பதை ஏற்றுக்கொண்டால்தான் நீதிமன்றச் சண்டை புரிகிறது. அந்த அடுக்குகளைக் குழப்பாமல் காதுக்குக் கொண்டு சேர்ப்பதுதான் நல்ல ஹெட்ஃபோனின் வேலையும். ஆகவே இரண்டு வகைக் கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் விடை எழுதுகிறேன். இங்கே சட்டம் என்று குறிப்பிடுவது இந்தியச் சட்டத்தை.

ஒரு திரைப்பாடலுக்குச் சட்டத்தின் பார்வையில் எத்தனை உரிமைகள் உண்டு?

குறைந்தது மூன்று, பாடகரையும் சேர்த்தால் நான்கு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பாடல் வரிகளை இலக்கியப் படைப்பாகவும், இசையைத் தனியாக இசைப் படைப்பாகவும், பதிவு செய்யப்பட்ட ஒலியை வேறொரு பொருளாகவும் பிரித்துவிடுகிறது. வரிகளுக்கு ஆசிரியர் கவிஞர். இசைக்கு ஆசிரியர் இசையமைப்பாளர். ஒலிப்பதிவுக்கு ஆசிரியர் யார் என்றால், விந்தையாகத் தோன்றினாலும், முன்கை எடுத்துப் பொறுப்பேற்று அதைப் பதிவு செய்வித்த தயாரிப்பாளர். பாடியவருக்கு இருப்பது பதிப்புரிமை அன்று, நிகழ்த்துநர் உரிமை என்ற தனி வகை.

‘நான் பேச நினைப்பதெல்லாம்’ என்ற பாடலை நாம் கண்ணதாசன் பாட்டு என்கிறோம், எம்.எஸ்.வி. பாட்டு என்கிறோம், டி.எம்.எஸ். பாட்டு என்கிறோம், சிவாஜி பாட்டு என்றும் சொல்கிறோம். ஒரே பாட்டை நான்கு பேருக்கு எழுதிக்கொடுக்கும் நம் பேச்சுவழக்கு, சட்டத்தைவிடத் தாராளமானது. சிவாஜிக்கு மட்டும் சட்டம் பாட்டில் பங்கு தரவில்லை.

இந்த உரிமைகள் எவ்வளவு காலம் நீடிக்கும்?

வரிகளுக்கும் இசைக்கும், படைத்தவரின் ஆயுட்காலமும் அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும். ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் மட்டுமே.

மேலே சொன்ன பாடலையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அது இடம்பெற்ற ‘பாலும் பழமும்’ 1961இல் வெளியானது. எனவே அந்த ஒலிப்பதிவின் உரிமை 2021 டிசம்பரோடு முடிந்துவிட்டது. கண்ணதாசன் 1981இல் மறைந்தார். வரிகளுக்கு 2041 முடியும் வரை காப்பு உண்டு. இசையமைத்த இருவரில் டி.கே. ராமமூர்த்தி 2013இலும் விஸ்வநாதன் 2015இலும் மறைந்தார்கள். கூட்டுப் படைப்பென்றால் கடைசியாக மறைந்தவரின் ஆண்டிலிருந்தே கணக்கு. ஆகவே இசைக்கு 2075 வரை உரிமை நீளும். ஒரே பாட்டுக்குள் மூன்று தேதிகள் இருப்பதை அறியாமல் ‘அறுபது வருஷம் ஆகிவிட்டது, இனி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்’ என்று சொல்லிவிடுவது ஆபத்து.

இசையமைத்தவருக்கே உரிமை இல்லை என்று எப்படிச் சொல்ல முடிந்தது?

1977இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள் சார்பில் இயங்கும் இந்திய நிகழ்த்துரிமைச் சங்கத்துக்கும் கிழக்கிந்தியத் திரைப்படச் சங்கத்துக்கும் இடையிலான வழக்கு அது. தயாரிப்பாளர் பணம் கொடுத்து ஒரு படத்துக்காக இசையமைக்கச் சொன்னால், எதிர்மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, அந்த இசைக்கு முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று தீர்ப்பாயிற்று. அடுத்த 35 ஆண்டுகள் திரையிசைத் தொழில் முழுவதும் இந்தத் தீர்ப்பின் நிழலில்தான் நடந்தது. அந்த வழக்கிலேயே நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதி, பாட்டுக்கு உயிர் கொடுக்கும் பாடகரைச் சட்டம் கண்டுகொள்ளவேயில்லை என்று வருந்தினார்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. 1957இல் எழுதப்பட்ட சட்டத்தின்படி ‘இசைப் படைப்பு’ என்றால் அச்சிடப்பட்ட, எழுதப்பட்ட, அல்லது வேறு வகையில் வரிவடிவம் பெற்ற இசை. காதால் கேட்டு வாயால் பாடி வளர்ந்த நம் இசை மரபுக்கு இது எவ்வளவு பொருந்தாத அளவுகோல் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆர்மோனியத்தில் மெட்டுப் போட்டு வாய்மொழியாகச் சொல்லிக்கொடுத்த இசையமைப்பாளரின் கையில் காட்டுவதற்கு ஒரு தாளும் இருக்காது. 1994இல் செய்த திருத்தம்தான் இந்த வரையறையை மாற்றியது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தம் கையாலேயே இசைக்குறிப்பு எழுதித் தரும் இளையராஜா அந்தப் பழைய வரையறைக்குள்ளும் முழுமையாக அடங்குபவர். அவரைச் சுற்றியே இத்தனை வழக்குகள் என்பது ஒரு முரண்.

2012ஆம் ஆண்டுத் திருத்தம் எதை மாற்றியது?

அந்த ஆண்டு ஜூன் 21 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம், 1977 தீர்ப்பின் விளைவைப் பெருமளவு திருப்பிப் போட்டது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அதற்காக விடாமல் வாதாடினார். படத்தில் சேர்க்கப்பட்ட பாடலின் வரிகளுக்கும் இசைக்கும் உரிய உரிமை படைத்தவரிடமிருந்து தானாகப் போய்விடாது. அவர் உரிமையை எழுதிக்கொடுத்தாலும், திரையரங்கில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற எல்லாப் பயன்பாட்டிலும் ராயல்டியில் சரிபாதி அவருக்கு உண்டு. அந்தப் பங்கை வேண்டாம் என்று எழுதி வாங்கவும் முடியாது. வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே மாற்றிக் கொடுக்கலாம்.

சிக்கல் என்னவென்றால், நாம் உருகிக் கேட்கும் பாடல்களில் பெரும்பகுதி 2012க்கு முந்தையவை. கேசட் காலத்தில் ஓரிரு பக்கங்களில் எழுதிய ஒப்பந்தங்கள், இணையமும் கைப்பேசி அழைப்பொலியும் வரப்போவதை அறியாதவை. அந்தத் தாள்களில் எது விற்கப்பட்டது, எது விற்கப்படவில்லை என்பதைத்தான் நீதிமன்றங்கள் இன்று தேடிக்கொண்டிருக்கின்றன.

இளையராஜா உண்மையில் எதைக் கேட்கிறார்? பேராசை என்கிறார்களே?

2017 மார்ச்சில், அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கும் சித்ராவுக்கும், அனுமதியில்லாமல் தம் பாடல்களை மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பு அறிவிக்கை அனுப்பியது. நண்பருக்கே நோட்டீஸா என்று தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து பேசியது. அன்பின் கணக்கில் அது வருத்தமான செய்திதான். சட்டத்தின் கணக்கில், கட்டணம் வாங்கி நடத்தும் மேடை நிகழ்ச்சியில் இசைப் படைப்பைப் பயன்படுத்த அதன் உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்பதில் புதுமை எதுவும் இல்லை. யார் அந்த உரிமையாளர் என்பதுதான் கேள்வி.

2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, இளையராஜாவுக்குத் தம் படைப்புகளின் மீது தார்மிக உரிமை உண்டென ஏற்றுத் தீர்ப்பளித்தார். தார்மிக உரிமை என்பது சட்டத்தின் 57ஆம் பிரிவில் வருவது: படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவும், தன் பெயருக்குக் கேடு வரும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கவும் படைத்தவருக்கு உள்ள உரிமை, பொருளுரிமையை விற்ற பின்னும் இது அவரிடமே நிற்கும். அந்தத் தீர்ப்பை எதிர்த்து எக்கோ என்ற இசைப்பதிவு நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2024இல் அது விசாரணைக்கு வந்தபோது, வரிகள் இல்லாமல் பாட்டு ஏது, பாடலாசிரியரும் வந்து உரிமை கோரினால் என்ன ஆகும் என்று நீதிபதிகள் கேட்டது பரவலாகப் பேசப்பட்டது.

அதே 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ மலையாளப் படத்தில் ‘கண்மணி அன்போடு காதலன்’ பாடலைப் பயன்படுத்தியதற்கும் அறிவிக்கை போனது. உரிமை வைத்திருந்த நிறுவனங்களிடம் அனுமதி வாங்கியே சேர்த்தோம் என்பது தயாரிப்பாளர்களின் பதில். 2025 ஏப்ரலில், இளையராஜாவின் பாடல்களைப் பயன்படுத்திய ‘குட் பேட் அக்லி’ படத் தயாரிப்பாளர்களிடம் 5 கோடி ரூபாய் இழப்பீடு கேட்கப்பட்டது. செப்டம்பரில் அந்தப் பாடல்களோடு படத்தைக் காட்ட உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இந்த வழக்குகளில் ஒரு பொதுக் கோடு உண்டு. படம் எடுப்பவர் ஒலிப்பதிவு உரிமை வைத்திருக்கும் நிறுவனத்திடம் பணம் கட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார். ஒலிப்பதிவுக்குள் இருக்கும் இசைப் படைப்புக்கு வேறொரு கதவு உண்டு, அதைத் தட்டவில்லை என்று இசையமைப்பாளர் சொல்கிறார். பேராசையா இல்லையா என்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது. ஆனால் ‘சம்பளம் வாங்கிவிட்டாரே’ என்ற ஒரே வரியில் முடித்துவிடும் வழக்கு இது அன்று என்பது என் கருத்து.

பாடகர்களுக்கு எதுவுமே இல்லையா?

உண்டு, தாமதமாக. 1994 திருத்தம் நிகழ்த்துநர் உரிமையைக் கொண்டுவந்தது; இன்று அதன் காலம் 50 ஆண்டுகள். 2012 திருத்தம் வணிகப் பயன்பாட்டில் அவர்களுக்கும் ராயல்டி உண்டு என்றது. அதற்கடுத்த ஆண்டு பாடகர்களுக்கெனத் தனிச் சங்கமே பதிவு பெற்றது.

கல்யாண வீட்டில் மெல்லிசைக் கச்சேரி வைத்தால் பணம் கட்ட வேண்டுமா?

சமயச் சடங்கிலும் அரசு விழாவிலும் பாட்டை இசைப்பது உரிமை மீறல் ஆகாது என்று 52ஆம் பிரிவு சொல்கிறது. திருமண ஊர்வலமும் திருமணத்தோடு சேர்ந்த பிற கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்ற விளக்கமும் அங்கேயே இருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறையும் இதை நினைவூட்டி அறிவிப்பு வெளியிட்டது. நட்சத்திர ஓட்டலில் நடக்கும் நிறுவன விருந்தையோ புத்தாண்டு நடனத்தையோ இதில் சேர்க்க முடியாது.

பழைய பாட்டை நானே பாடிப் பதிவிட்டால்?

நீங்களே புதிதாகப் பாடிப் பதிவு செய்தால் பழைய ஒலிப்பதிவின் உரிமையாளருக்கு அதில் பேச்சில்லை. வரிகளுக்கும் இசைக்கும் உரியவரிடம் அனுமதி வேண்டும். முதல் பதிவு வெளியாகி ஐந்து ஆண்டுகள் கழிந்த பாடலை, முன்கூட்டி அறிவிப்புக் கொடுத்து, ராயல்டி கட்டி மறுபதிவு செய்ய 31சி பிரிவில் வழி உண்டு. ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ஒலிநாடா விற்ற காலத்தின் மனக்கணக்கு அது. வீட்டு மாடியில் நின்று கைப்பேசியில் பாடும் பெண்ணுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

ஐந்து வினாடி வரை எடுத்தால் தவறில்லை என்கிறார்களே?

அப்படி ஒரு விதி இந்தியச் சட்டத்தில் இல்லை. விமர்சனம், ஆய்வு, சொந்தப் பயன்பாடு, நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கான நியாயமான பயன்பாடு மட்டும் உண்டு. அதை வினாடிக் கணக்கில் அளப்பதில்லை.

தியாகராஜர் கீர்த்தனையைப் பாடிப் போட்டதற்கு யூடியூப் உரிமை அறிவிப்பு அனுப்பியது. இது என்ன அநியாயம்?

தியாகராஜர் 1847இல் சமாதியானார். அவர் கீர்த்தனைகள் அனைவருக்கும் பொது. ஆனால் யாரோ ஒரு வித்துவான் அதைப் பாடி ஒரு நிறுவனம் வெளியிட்ட ஒலிப்பதிவு பொது அன்று. யூடியூபின் கன்டென்ட் ஐடி முறை 2007 முதல் இயங்குகிறது. பதிவேற்றிய ஒலியின் வார்ப்பை, அதாவது கைரேகை போன்ற அடையாளத்தை, தன் சேமிப்பில் இருக்கும் வார்ப்புகளோடு அது ஒப்பிடுகிறது. ஒரே ராகம், ஒரே தாளம், ஒரே சாகித்தியம், பக்கத்தில் அதே தம்புராச் சுருதி என்று வரும்போது இயந்திரம் ஏமாந்துபோவது உண்டு. அத்தகைய அறிவிப்பை மறுத்து, பாடியவர் நீங்கள், படைப்பு பொதுவுடைமை என்று எழுதினால், எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர்களின் கோரிக்கை விலகிவிடும்.

ராகத்துக்கு உரிமை கோர முடியுமா?

முடியாது. ராகம் மொழியின் எழுத்துகளைப் போன்றது. ஆனால் ஒரு ராகத்தில் அமைத்த குறிப்பிட்ட உருப்படிக்கு, அதாவது இயற்றிய பாட்டுக்கு, உரிமை உண்டு, அங்கேதான் எல்லைத் தகராறு தொடங்குகிறது. ‘பொன்னியின் செல்வன் 2’ படத்தின் ‘வீர ராஜ வீர’ பாடல், தாகர் சகோதரர்கள் பாடிய ‘சிவ ஸ்துதி’ என்ற துருபத் (இந்துஸ்தானி இசையின் ஒரு வகை) உருப்படியிலிருந்து எடுக்கப்பட்டது என்று அவர்கள் குடும்பத்தைச் சேர்ந்த பாடகர் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடினார். 2025 ஏப்ரலில் தனி நீதிபதி அவருக்குச் சாதகமாக இடைக்கால ஆணை இட்டு, படத் தரப்பினரை 2 கோடி ரூபாயை நீதிமன்றத்தில் கட்டவும் சொன்னார். அதே ஆண்டு செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த ஆணையை நீக்கியது. ஓர் உருப்படியைப் பாடிப் புகழ்பெற்றதனாலேயே அதை இயற்றியவர் ஆகிவிட முடியுமா என்ற கேள்வி, குருகுல வழியில் பாடாந்தரம் (குருவிடம் கற்ற பாடும் முறை) கைமாறும் கர்நாடக இசைக்கும் அப்படியே பொருந்தும்.

பாரதியார் பாடல்களுக்கும் இப்படி ஒரு வழக்கு நடந்ததாமே?

நடந்தது. பாரதியின் பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமையை ஜெய்சிங்லால் மேத்தா என்ற வணிகரிடமிருந்து ஏவி. மெய்யப்பன் விலைக்கு வாங்கியிருந்தார். 1948இல் வெளியான ‘பில்ஹணன்’ படத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் ‘தூண்டிற் புழுவினைப் போல்’ பாடலைப் பயன்படுத்தியபோது அவர்கள் மீது வழக்குத் தொடர்ந்தார். மகாகவியின் பாட்டு ஒரு தனிமனிதரின் சொத்தா என்று நாடெங்கும் குரல் எழுந்தது. 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற முன்வந்தபோது, மெய்யப்பன் தம்மிடம் இருந்ததைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். பின்னர் அரசு அதை மக்களுக்கே பொதுவாக்கியது.

சரி, கேட்பவனுக்கு இந்த அடுக்குகளால் என்ன பயன்?

இசையமைப்பாளர் போட்டது வெறும் மெட்டு என்று நினைப்பவரை, எண்பதுகளின் ஒரு திரைப்பாடலை நல்ல ஹெட்ஃபோனில் வைத்து, பாடகரின் குரலை விட்டுவிட்டு, பாஸ் கிடார் என்ன செய்கிறது என்று மட்டும் கவனிக்கச் சொல்வேன். குரலுக்குக் கீழே இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாம் முறை வயலின்களை மட்டும் கேட்கலாம். மூன்றாம் முறை சரணத்துக்கு முன் வரும் இடையிசையை. இதைக் கேட்ட பிறகு, சட்டம் ஏன் ‘பாட்டு’ என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்தாமல் தனித்தனியாகப் பிரிக்கிறது என்பது காதுக்கே விளங்கிவிடும். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் பாஸ் கிடார் பெரும்பாலும் கேட்கவே கேட்காது.

விலையுயர்ந்த ஹெட்ஃபோன் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா?

மூலம் சரியில்லையென்றால் எதுவும் சரியாகாது. குறுந்தகட்டில் இருப்பது வினாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். இடம், வலம் இரண்டும் சேர்ந்து நொடிக்குச் சுமார் 1,411 கிலோபிட். அதை 320 கிலோபிட் எம்பி3 ஆகச் சுருக்கினால் பெரும்பாலோர் காதுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் அனுமதியின்றிப் பாடல்களை அள்ளித்தரும் தளங்களில் ‘320’ என்று ஒட்டியிருப்பவற்றுள் பல, 128இல் சுருக்கியதை மறுபடி 320ஆக ஊதியவை. இழந்த ஒலி ஊதினால் திரும்பி வராது. உரியவருக்குப் பணமும் போவதில்லை, கேட்பவருக்கு ஒலியும் கிடைப்பதில்லை. முறையான இணைய ஒலிபரப்புச் (ஸ்ட்ரீமிங்) சேவையில் சந்தா கட்டி, அதன் அமைப்புகளில் ஒலித்தரத்தை உச்சத்தில் வைத்துக்கொள்வதே முதல் செலவாக இருக்கட்டும்.

பழைய பாடல்களில் இன்னொரு தொல்லை, ‘டிஜிட்டல் மெருகு’ என்ற பெயரில் புது டிரம்ஸ் ஒலியைச் சேர்த்து வெளியிட்ட பதிப்புகள். 57ஆம் பிரிவு நினைவுக்கு வரும் இடங்களில் இதுவும் ஒன்று. கூடியவரை மூலப் பதிவையே தேடிக் கேளுங்கள்.

எந்த வகை ஹெட்ஃபோன் எனக்குப் பொருந்தும்?

எங்கே உட்கார்ந்து கேட்பீர்கள் என்பதைச் சொல்லுங்கள், வகை தானாக வந்துவிடும். வீட்டில் தனி அறையில், மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் இரைச்சல் இல்லாத நேரத்தில் கேட்பவருக்குப் பின்புறம் திறந்த வகை உகந்தது. ஒலி தலைக்குள் அடைபடாமல் வெளியே பரவியதுபோல் இருக்கும். 1997இல் வந்து இன்றும் விற்பனையில் இருக்கும் சென்ஹைசர் ஹெச்டி 600 இவ்வகைக்கு அளவுகோலாகக் கருதப்படுவது. ஆனால் நீங்கள் கேட்பதைப் பக்கத்தில் தூங்குபவரும் கேட்பார். அடைத்த வகையில் ஒலி வெளியே கசியாது, வெளிச்சத்தமும் ஓரளவு தடைபடும். 1991இலிருந்து ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்கும் சோனி எம்டிஆர் 7506, பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ ஆகியவை இவ்வகை. பேருந்திலும் ரயிலிலும் கேட்பவருக்குக் காதுக்குள் செருகும் இயர்போனே வசதி. அதன் ரப்பர் முனை காதில் இடைவெளியின்றிப் பொருந்தாவிட்டால் பாஸ் (தாழ்ந்த ஒலி) முழுவதும் ஓடிவிடும். மோசமான இயர்போன் என்று திட்டுபவர்களில் பலர் தவறான அளவு முனையைப் போட்டிருப்பவர்கள்தாம்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்களில் எதைப் பார்ப்பது?

‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்பதைப் பார்க்க வேண்டாம். இருநூறு ரூபாய்ப் பொருளிலும் அதுதான் அச்சிட்டிருக்கும். அந்த எல்லைக்குள் எந்த அலைவரிசை எவ்வளவு தூக்கலாக, எவ்வளவு அமுங்கி ஒலிக்கிறது என்பதே குணத்தைத் தீர்மானிப்பது. அதைப் பெட்டி சொல்லாது. ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் அவர் குழுவினரும் பலரைக் கேட்கவைத்து, பெரும்பாலோர் விரும்பும் ஒலிச் சமநிலை எது என்று வரைந்த கோடு இன்று பல தயாரிப்பாளர்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறது.

உண்மையில் பயன்படும் எண்கள் இம்பீடன்ஸும் (மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு, ஓம் கணக்கில்) உணர்திறனும் (கொடுத்த மின்திறனுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது). 16 முதல் 40 ஓம் வரை உள்ளவை கைப்பேசியிலேயே போதிய சத்தம் தரும். ஹெச்டி 600 போன்று 300 ஓம் உள்ளதைக் கைப்பேசியில் நேரடியாகச் செருகினால் சத்தம் மெலிந்துதான் வரும். தனியே ஒரு பெருக்கி (ஆம்ப்ளிஃபயர்) வேண்டும். ஒரே பெயரில் 32, 80, 250 ஓம் என்று மூன்று வடிவங்களில் விற்கும் டிடி 770 ப்ரோ போன்றவற்றை வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

கம்பியா, புளூடூத்தா?

ஒரே விலையில் ஒலி மட்டுமே குறி என்றால் கம்பி. புளூடூத்தில் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு பேட்டரிக்கும் சில்லுக்கும் போகிறது. சில ஆண்டுகளில் பேட்டரி தளர்ந்ததும் பொருளே முடிந்தது. வசதி வேண்டும் என்றால் கோடெக் என்பதை, அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறையை, கவனியுங்கள். எஸ்பிசி எல்லாவற்றிலும் இருக்கும் அடிப்படை. சோனியின் எல்டாக் நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும், ஆனால் கூட்டநெரிசலில் அது தானாக 330க்கு இறங்கிவிடும். ஐஃபோனில் எல்டாக் இல்லை, ஏஏசிதான். ஐஃபோன் வைத்திருப்பவர் எல்டாக்குக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

இரைச்சல் நீக்கம் தேவையா?

பேருந்து எஞ்சின், ரயில், விமானம் போன்று தொடர்ந்து ஒரே மாதிரி உறுமும் தாழ்ந்த சத்தத்தை அது நன்றாக அடக்கும். ஹார்னையும் பக்கத்து இருக்கைப் பேச்சையும் முழுதாக அடக்காது. பயணத்தில் இதன் பெரிய பயன், சத்தத்தைக் கூட்டாமலே கேட்க முடிவது.

கடையில் எதைப் போட்டுச் சோதிப்பது?

உங்களுக்கு மனப்பாடமான பாடல்களை, கடைக்காரர் போடும் டமடம பாட்டை அன்று. முதலில் மிருதங்கம் தெளிவாக உள்ள ஒரு கச்சேரிப் பதிவு. வலந்தலையின் (வலப்பக்கத்தின்) நாதமும் தொப்பியின் (இடப்பக்கத்தின்) கும்காரமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். நான் முதன்முதலில் ஆசைப்பட்டு வாங்கிய ஒன்றில் பாஸ் அவ்வளவு தூக்கல், தொப்பி ஒலிக்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டில் யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. அடுத்து, தம்புரா. நல்ல ஹெட்ஃபோனில் ஒவ்வொரு மீட்டலும் விரிந்து மேலே எழும் அனுசுரங்களை (மூலச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மெல்லிய சுரங்களை) கேட்கலாம். மட்டமானதில் வெறும் ரீங்காரம். பிறகு ஒரு பெண்குரல்: ‘ச’, ‘ஸ’ வரும் இடங்களில் காதைக் குத்தினால் மேல்சுரங்கள் மிகை. அறுபதுகளின் திரைப்பாடலைப் போட்டு இடம் வலம் பிரியவில்லை என்று குறை சொல்லாதீர்கள், அவை ஒற்றை வழிப் (மோனோ) பதிவுகள்.

இரண்டை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைத்துக்கொள்ள வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பதுதான் எப்போதும் உயர்ந்ததாகத் தோன்றும். காதை ஏமாற்ற இதைவிட எளிய வழி இல்லை.

எவ்வளவு சத்தத்தில் கேட்கலாம்?

உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு, 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். அருகில் நிற்பவர் சாதாரணமாகப் பேசுவது சற்றும் கேட்கவில்லையென்றால் குறையுங்கள். கேட்டு முடித்தபின் காதில் ‘ஞொய்’ என்ற இரைச்சல் நின்றுபோகாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

கையில் இரண்டாயிரம் ரூபாய்தான் இருக்கிறது. என்ன வாங்கலாம்?

கம்பியுள்ள, காதுக்குள் செருகும் இயர்போன். கம்பி கழற்றி மாட்டும் வகையாக இருந்தால் நல்லது, ஏனெனில் முதலில் அறுவது கம்பிதான். கைப்பேசியில் செருகும் துளை இல்லையென்றால் சி வகை இணைப்பு உள்ளதைக் கேளுங்கள். மூன்று அளவு ரப்பர் முனைகள் பெட்டியில் இருக்கின்றனவா என்று பார்த்து, ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.